தாழப் பறக்கும் விமானங்களும் நம் கையிலுள்ள டிரோன்களும்

மஸ்ஜித் தானா வட்டாரத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு வானத்தில் விமானச் சத்தம் கேட்பது புதிதன்று. காலையில் பள்ளிச் சபைகூடலில் நாட்டுப்பண் பாடிக்கொண்டிருக்கும்போதே ஒற்றை எஞ்சின் பயிற்சி விமானம் ஒன்று தோட்டத்தைச் சுற்றிப் போகும். சில நாட்களில் கடற்கரைப் பக்கமிருந்து ஹெலிகாப்டர் ஒன்று செம்பனை மரங்களின் உச்சியை உரசுவதுபோல் வரும். லயத்து வீடுகளின் தகரக் கூரைகள் அதிரும். கொடியில் காயும் துணிகள் ஆடும். சின்னப் பிள்ளைகள் வாசலுக்கு ஓடிவந்து கையசைப்பார்கள். சுங்கை ஊடாங் பக்கம் பாராசூட்டில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் குதித்ததைப் பால்மரம் சீவிக்கொண்டே பார்த்ததாக என் தாத்தா அடிக்கடி சொல்வார்.

அந்த வானம் முன்பு விமானங்களுக்கும் பறவைகளுக்கும் மட்டுமே சொந்தமாக இருந்தது. இப்போது நாமும் அதில் ஏறிவிட்டோம். கல்யாண வீடு என்றால் டிரோன், கோயில் திருவிழா என்றால் டிரோன், தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி என்றாலும் டிரோன். நம் இளைஞர்கள் பலர் பகுதிநேர வேலை செய்து சேர்த்த பணத்தில் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருவன். பொழுதுபோக்காக டிரோன் பறக்கவிடும் நம்மைப் போன்றவர்களுக்குத் தாழப் பறக்கும் விமானங்கள் எந்த வகையில் முக்கியம் என்பதை விளக்கவே இக்கட்டுரையை எழுதுகிறேன். இதை எழுதத் தூண்டியது என் சொந்தத் தவறு ஒன்றுதான் என்பதையும் முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

சென்ற ஆண்டு தீபாவளி விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தேன். தோட்டத்துத் திடலில் நின்று, 250 கிராமுக்கும் குறைவான என் சிறிய டிரோனை ஏறக்குறைய 60 மீட்டர் உயரத்தில் பறக்கவிட்டுக் கோயில் கோபுரத்தைப் படம்பிடித்துக்கொண்டிருந்தேன். கண்கள் கைப்பேசித் திரையில் இருந்தன. திடீரென்று காற்றே அதிர்வதுபோல் ஒரு சத்தம். நிமிர்ந்து பார்த்தால் மர வரிசைக்கு மேலே ஒரு ஹெலிகாப்டர், திடலை நோக்கி வருகிறது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. 'டிரோன் திரும்பி வந்துவிட்டால் போதும்' என்ற ஒரே எண்ணத்தில், புறப்பட்ட இடத்துக்குத் தானாகவே திரும்பும் பொத்தானை அழுத்தினேன். டிரோன் கீழே வரவில்லை. மேலே ஏறத் தொடங்கியது! 70, 80, 90 என்று திரையில் எண்கள் கூடிக்கொண்டே போயின. ஹெலிகாப்டர் திடலின் ஓரமாகக் கடந்து போய்விட்டது. இரண்டுக்கும் எவ்வளவு இடைவெளி இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அன்று மதியம் அம்மா சமைத்த ஆட்டிறைச்சிக் குழம்பு எனக்கு இறங்கவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது.

அது ஏன் மேலே ஏறியது என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன், நம் பகுதியில் இவ்வளவு தாழ்வாகப் பறப்பவர்கள் யார் என்பதைப் பார்ப்போம்.

நம் வானத்தில் யார் யார்?

மலாக்கா அனைத்துலக விமான நிலையம் பத்து பெரெண்டாமில் இருக்கிறது. அங்குப் பயணிகள் விமானச் சேவைகள் வருவதும் நிற்பதுமாக இருந்தாலும், விமானிப் பயிற்சி நெடுங்காலமாக நடந்து வருகிறது. மஸ்ஜித் தானாவிலிருந்து சாலை வழியாகப் போனால் அது தூரம்தான். ஆனால் நேர்கோட்டில் 20 கிலோமீட்டர்கூட இராது. மணிக்கு 100 கடல் மைல், அதாவது 185 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் ஒரு பயிற்சி விமானத்துக்கு அது ஆறேழு நிமிடப் பயணம். மஸ்ஜித் தானா பட்டணத்தில் ஒரு தே தாரேக் வாங்கி ஆற்றிக் குடிப்பதற்குள் வந்துவிடலாம்.

அடுத்தது இராணுவம். மஸ்ஜித் தானாவுக்கும் மலாக்கா நகருக்கும் இடையே சுங்கை ஊடாங்கில் தெரெண்டாக் முகாம் உள்ளது. 1950-களின் பிற்பகுதியில் காமன்வெல்த் படைகளுக்காகக் கட்டப்பட்ட முகாம் அது. 28-ஆவது காமன்வெல்த் காலாட்படைப் பிரிவு அங்கிருந்தது. தாத்தா பார்த்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அவர்களாகத்தான் இருக்க வேண்டும். இன்று மலேசிய இராணுவத்தின் 10-ஆவது பாராசூட் படைப்பிரிவின் தலைமையகம் அங்கேதான் இருக்கிறது. 1994-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் அமைக்கப்பட்ட படைப்பிரிவு அது. பாராசூட் வீரர்கள் இருக்கும் இடத்தில் விமானமும் ஹெலிகாப்டரும் தாழ்வாக வருவது இயல்புதானே. நம் அப்பாக்கள் காலத்தில் தலைக்கு மேல் போன நூரி ஹெலிகாப்டர்கள் ஆகாயப் படையிலிருந்து ஓய்வுபெற்றுவிட்டன, இ.சி.725 போன்ற புதியவை வந்துள்ளன.

இவற்றோடு போலீஸ், தீயணைப்பு மீட்புப் படை, கடல்சார் அமலாக்க நிறுவனம் ஆகியவற்றின் ஹெலிகாப்டர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தஞ்சோங் பிடாரா, பெங்காலான் பாலாக் கடற்கரைகளில் மாலை நேரத்தில் டிரோன் விடுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். கடலில் ஒருவர் காணாமற்போனால் அதே கடற்கரையோரமாகத்தான் மீட்பு ஹெலிகாப்டர் அலைகளைத் தேடிக்கொண்டு வரும். அதற்கு நேர அட்டவணை கிடையாது.

நானூறும் ஐந்நூறும்

டிரோன் வைத்திருப்பவர்களிடம் சட்டம் பற்றிக் கேட்டால் எல்லாரும் தவறாமல் சொல்வது '400 அடிக்கு மேல் போகக்கூடாது' என்பதுதான். சரியான பதில். மலேசியாவின் 2016-ஆம் ஆண்டுப் பொது வான்போக்குவரத்து விதிமுறைகளில் அந்த எல்லை உள்ளது. 400 அடி என்பது ஏறக்குறைய 120 மீட்டர். விமான நிலையச் சுற்றுவட்டத்திலும் கட்டுப்படுத்தப்பட்ட வான்வெளியிலும் அனுமதியின்றிப் பறக்கவிடக்கூடாது, டிரோனை எப்போதும் நேரடியாகக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பவையும் அவ்விதிமுறைகளில் அடங்கும். 2018 முதல் இவற்றைக் கவனித்து வருவது மலேசியப் பொது வான்போக்குவரத்து ஆணையம்.

இந்த 400 எங்கிருந்து வந்தது? ஆளேறிய விமானங்களுக்கு ஒரு கீழ் எல்லை உண்டு. அனைத்துலகப் பொது வான்போக்குவரத்து நிறுவனத்தின் விதிப்படி, கண்பார்வையை நம்பிப் பறக்கும் விமானம் ஊர், நகரம் போன்ற நெரிசலான இடங்களுக்கு மேல் அங்குள்ள மிக உயர்ந்த தடையிலிருந்து 1000 அடி உயரத்திலும், மற்ற இடங்களில் தரையிலிருந்து 500 அடி உயரத்திலும் பறக்க வேண்டும். தோட்டங்கள் 'மற்ற இடங்கள்' வகையைச் சேர்ந்தவை. ஆக, மேலே இருப்பவருக்கு 500, கீழே இருப்பவருக்கு 400. நடுவில் 100 அடி, அதாவது 30 மீட்டர் இடைவெளி. இரு தரப்பும் தத்தம் எல்லையில் நின்றால் மோதல் இல்லை.

கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் இந்த 30 மீட்டரை நம்பி நிம்மதியாக இருந்துவிட முடியாது.

முதலாவதாக, 500 அடி விதிக்கு விலக்குகள் உண்டு. ஏறும்போதும் இறங்கும்போதும் அது பொருந்தாது. அனுமதி பெற்ற பணிகளுக்குப் பொருந்தாது. இராணுவம், போலீஸ், மீட்புப் பணி என்றால் அவர்கள் வேலையே தாழ்வாகப் பறப்பதுதான். என் திடலைக் கடந்த ஹெலிகாப்டர் விதியை மீறியதாக நான் நினைக்கவில்லை.

இரண்டாவது காரணம் எனக்கே வியப்பாக இருந்தது. நம் டிரோன் திரையில் காட்டும் உயரம் அது புறப்பட்ட இடத்திலிருந்து கணக்கிடப்படும் உயரம். அதன் நேர் கீழே இருக்கும் தரையிலிருந்து அல்ல. தோட்டத்தில் ஒரு மேட்டின் மேல் நின்று டிரோனை விடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மேடு 40 மீட்டர் உயரம். திரையில் 110 மீட்டர் என்று காட்டுகிறது. சட்டத்துக்கு உட்பட்டுத்தான் இருக்கிறோம் என்று நம்புகிறீர்கள். ஆனால் டிரோன் பள்ளத்தின் மேல் போய்விட்டால், அங்குள்ள தரையிலிருந்து அதன் உயரம் 150 மீட்டர். அதாவது 492 அடி! 500 அடியில் வரும் விமானத்துக்கும் அதற்கும் இடையே இருப்பது ஓர் ஆள் உயரத்தைவிடச் சற்றே அதிகம். இதற்கிடையே அந்த விமானியோ தம் உயரத்தைக் கடல் மட்டத்திலிருந்து அடிக்கணக்கில் படித்துக்கொண்டிருப்பார். நாம் மீட்டரில், அவர் அடியில். நாம் மேட்டிலிருந்து, அவர் கடலிலிருந்து. இருவரும் ஒரே வானத்தை இரண்டு அளவுகோல்களால் அளக்கிறோம்.

நொடிகளின் கணக்கு

பள்ளியில் எனக்குக் கணிதம் பிடித்த பாடம் என்று சொல்லிக்கொள்ள முடியாது. இருந்தாலும் அன்று நடந்ததைப் புரிந்துகொள்ள நானே உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். அதை வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஒரு ஹெலிகாப்டர் மணிக்கு 120 கடல் மைல் வேகத்தில் வருகிறது. அது நொடிக்கு ஏறக்குறைய 62 மீட்டர். ஒரு கிலோமீட்டர் தூரத்தில் அதைப் பார்த்துவிட்டோம் என்றால், நம்மிடம் வந்துசேர 16 நொடி ஆகும். நம்மிடமிருக்கும் சிறு டிரோன்கள் நொடிக்கு 3 முதல் 5 மீட்டர் வேகத்தில்தான் கீழே இறங்கும்; மேலே ஏறுவதைப்போல் சுலபமாக அவற்றால் இறங்க முடியாது. 120 மீட்டரில் இருக்கும் டிரோன் தரைக்கு வர 24 முதல் 40 நொடி வேண்டும். 16 எங்கே, 40 எங்கே! சட்டப்படி மிகச் சரியான உயரத்தில் பறந்துகொண்டிருந்தாலும், பார்த்த பிறகு இறக்க நேரமில்லை என்பதே இதன் பொருள். அதே டிரோன் 40 மீட்டரில் இருந்திருந்தால் 8 முதல் 13 நொடியில் தரையைத் தொட்டுவிடும்.

ஒரு கிலோமீட்டர் தூரத்தில் பார்த்துவிட்டோம் என்று சொன்னேன் அல்லவா? நம் தோட்டங்களில் அதுவும் நடவாது. செம்பனையை ஏறக்குறைய 9 மீட்டர் இடைவெளியில் நடுவார்கள். 12 மீட்டர் உயரம் வளர்ந்த மரங்களின் வரிசைக்கு நடுவே நின்றால் தலைக்கு மேல் ஒரு துண்டு வானம்தான் தெரியும். 150 மீட்டர் உயரத்தில் வரும் ஹெலிகாப்டர், நமக்கு 70 மீட்டருக்குள் வந்த பிறகுதான் கண்ணில் படும். அதாவது ஒரு நொடி. நான் நின்ற திடல் பரவாயில்லை. மரங்கள் என்னிடமிருந்து 50 மீட்டர் தள்ளி இருந்தன. அப்படியிருந்தும் 700 மீட்டர் தூரத்திலிருந்துதான் அது தெரிந்திருக்கும். 11 நொடி. அதில் பாதியை நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றே கழித்திருப்பேன்.

ஆகவே, தாழப் பறக்கும் விமானங்கள் உள்ள பகுதியில் 400 அடி என்பதை நமக்குக் கிடைத்த உயரமாக எடுத்துக்கொள்ளக்கூடாது என்பது என் கருத்து. எத்தனை நொடிகளில் டிரோனைத் தரைக்குக் கொண்டுவர முடியும், நிற்கும் இடத்திலிருந்து எவ்வளவு தூரத்து வானம் தெரிகிறது, இவ்விரண்டையும் பார்த்துத்தான் நம் உயரத்தை நாமே முடிவுசெய்ய வேண்டும். மரங்களுக்கு நடுவே கண்ணைவிடக் காது பெரிய உதவி. காதில் பாட்டு மாட்டிக்கொண்டு டிரோன் விடுபவர்களை இப்போது பார்த்தால் எனக்குப் பதற்றமாக இருக்கிறது.

விமானியின் இருக்கையிலிருந்து

தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை என் பக்கத்தில் அமர்ந்து படித்த நண்பன் ஒருவன் இப்போது விமானிப் பயிற்சியில் இருக்கிறான். தோட்டத்தில் வளர்ந்தவன்தான். அவன் அப்பா வீட்டை அடமானம் வைத்துத்தான் அவனை அனுப்பினார் என்பது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். தீபாவளிக்கு மறுநாள் அவனிடம் நடந்ததைச் சொன்னேன். சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"நீ என்னைப் பார்த்திருப்ப. நான் உன் டிரோனைப் பார்த்திருக்கவே மாட்டேன்லா," என்றான்.

அவன் விளக்கியது இது. 30 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு பொருள் 500 மீட்டர் தூரத்தில் வெறும் புள்ளி. பின்னால் கரும்பச்சைச் செம்பனைக் காடு இருந்தால் அந்தப் புள்ளியும் கரைந்துவிடும். பறவையாவது இறக்கையை அசைக்கும். ஒரே இடத்தில் நிற்கும் டிரோன் அசைவதே இல்லை. எதிரே உள்ளதைக் கண்டு, அது என்ன என்று உணர்ந்து, முடிவெடுத்து, விமானத்தைத் திருப்பி, விமானம் உண்மையில் திரும்புவதற்குள் ஏறக்குறைய 12.5 நொடி ஆகும் என்பது அமெரிக்க வான்போக்குவரத்து நிர்வாகம் விமானிகளுக்குச் சொல்லும் கணக்கு. பயிற்சி விமானம் 500 மீட்டரைக் கடக்க 10 நொடிதான் ஆகும். 'விமானி பார்த்து ஒதுங்கிக்கொள்வார்' என்று நாம் நினைத்துக்கொள்வதில் பொருளே இல்லை. ஒதுங்க வேண்டியவர்கள் நாம்தான்.

அவன் சொன்ன இன்னொன்றுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. பயிற்சியின்போது ஆசிரியர் எதிர்பாராத நேரத்தில் எஞ்சின் விசையைக் குறைத்துவிட்டு, "எஞ்சின் நின்றுவிட்டது, என்ன செய்வாய்?" என்பாராம். மாணவன் உடனே கீழே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, அதை நோக்கிச் சறுக்கியபடி இறங்க வேண்டும். பொதுவாக 500 அடி அளவில் மீண்டும் விசையைக் கூட்டி மேலே ஏறிவிடுவார்கள். விசை குறைந்திருப்பதால் சத்தமும் குறைவாகவே இருக்கும்.

"அப்ப எந்த மாதிரி இடத்தைத் தேடுவ?" என்று கேட்டேன்.

"மரம் இல்லாத இடம்டா. திடல், வயல், மறுநடவுக்கு மரத்தைச் சாய்ச்ச நிலம். மலாக்கால செம்பனையை விட்டா வேற என்ன இருக்கு? திடல் தெரிஞ்சா திடல்தான்."

நான் டிரோன் விடுவதற்கு எப்படிப்பட்ட இடத்தைத் தேடுவேனோ, எஞ்சின் நின்றுபோன விமானியும் அப்படிப்பட்ட இடத்தைத்தான் தேடுகிறான். எஞ்சின் உண்மையாகவே நின்றுவிட்டால் 500 அடியில் அவன் திரும்பி ஏறப்போவதில்லை. நேராக அந்தத் திடலுக்குத்தான் வருவான்.

மோதினால் என்ன ஆகும்?

'கால் கிலோ பிளாஸ்டிக் ஒரு விமானத்தை என்ன செய்துவிடும்?' என்று கேட்பவர்கள் உண்டு. நானும் கேட்டவன்தான். வேகம் இருமடங்கானால் மோதலின் விசையாற்றல் நான்கு மடங்காகும் என்பதைப் பள்ளியில் படித்திருப்போம். பயிற்சி விமானத்தின் வேகத்தையும் எதிரே வரும் டிரோனின் வேகத்தையும் சேர்த்தால் நொடிக்கு 65 மீட்டருக்கு மேல் வரும். 250 கிராம் டிரோன் அந்த வேகத்தில் மோதினால், மணிக்கு 120 கிலோமீட்டரில் அடிக்கப்பட்ட ஹாக்கிப் பந்தின் ஆற்றலைப்போல் ஆறு மடங்கு. அது விமானியின் முகத்துக்கு நேரே உள்ள கண்ணாடியில் படுவதை நினைத்துப் பாருங்கள். மேலும், பறவையின் உடல் மோதியதும் சிதறிவிடும். டிரோனின் மோட்டாரும் மின்கலமும் கெட்டியானவை; குத்திக்கொண்டு உள்ளே போகும்.

2018-இல் அமெரிக்காவின் டேட்டன் பல்கலைக்கழக ஆய்வுக்கழகம் ஒரு சிறு விமானத்தின் இறக்கையை நிறுத்தி வைத்து, அதன்மேல் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவான டிரோனை மணிக்கு 238 மைல் வேகத்தில் ஏவிப் பார்த்தது. டிரோன் இறக்கையின் முன்விளிம்பைக் கிழித்து உள்ளே புகுந்து, இறக்கையைத் தாங்கும் முதன்மைச் சட்டத்தையே சேதப்படுத்தியது. அந்த வேகம் நடைமுறைக்குப் பொருந்தாதது என்று டிரோன் தயாரிப்பு நிறுவனமான டி.ஜே.ஐ. கடுமையாக ஆட்சேபித்தது. ஆட்சேபத்தில் நியாயம் இருப்பதாகவே எனக்கும் படுகிறது. நம் பயிற்சி விமானங்கள் அவ்வளவு வேகத்தில் பறப்பதில்லை. எனினும், உண்மையாக நடந்த மோதல்களை யாரும் ஆட்சேபிக்க முடியாது.

2017 செப்டம்பர் 21-ஆம் நாள் மாலை நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவு அருகே, ஏறக்குறைய 300 அடி உயரத்தில் பறந்த ஓர் இராணுவ ஹெலிகாப்டரின் மேல் ஒரு டிரோன் மோதியது. சுழல் இறக்கை ஒன்று சேதமடைந்தாலும் ஹெலிகாப்டர் பத்திரமாகத் தரையிறங்கியது. அதில் சிக்கியிருந்த டிரோன் துண்டிலிருந்த எண்ணை வைத்து உரிமையாளரைக் கண்டுபிடித்தார்கள். புலன்விசாரணை அதிகாரிகள் தொடர்புகொள்ளும் வரை மோதல் நடந்ததே அவருக்குத் தெரியாது! டிரோன் அவரிடமிருந்து நான்கு கிலோமீட்டர் தூரத்தில் இருந்தது. 300 அடி என்பதைக் கவனியுங்கள். அது 400-க்குள் அடங்கிய உயரம்தான். அவர் தவறியது உயரத்தில் அன்று, கண்பார்வையில்.

இன்னொன்று 2025 ஜனவரி 9-ஆம் நாள் லாஸ் ஏஞ்சலஸில் காட்டுத்தீ எரிந்துகொண்டிருந்தபோது நடந்தது. கனடாவின் கியூபெக் மாநிலத்திலிருந்து உதவிக்கு வந்திருந்த தீயணைப்பு விமானத்தின் இடது இறக்கையில் ஒரு டிரோன் மோதி ஓட்டை போட்டது. விமானம் பத்திரமாக இறங்கினாலும் சில நாட்களுக்குப் பறக்க முடியவில்லை. டிரோனை விட்டவர் தீயின் சேதத்தைப் பார்க்க ஆசைப்பட்டு இரண்டரைக் கிலோமீட்டர் வரை அனுப்பிக் கண்பார்வையை இழந்தவர். பின்னர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். நமக்கு அருகிலேயே, சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் 2019 ஜூன் மாதம் அனுமதியற்ற டிரோன்களால் 37 விமானப் பயணங்கள் தாமதமாயின.

அந்தப் பொத்தான்

இப்போது என் டிரோன் ஏன் மேலே ஏறியது என்பதற்கு வருகிறேன். தானாகத் திரும்பும் வசதியில் ஓர் உயரம் முன்கூட்டியே பதிவாகியிருக்கும். பொத்தானை அழுத்தினால், டிரோன் அந்த உயரத்துக்குக் கீழே இருந்தால் முதலில் அந்த உயரத்துக்கு ஏறி, பிறகே திரும்பும். மரத்திலும் கட்டடத்திலும் முட்டாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது, நல்ல ஏற்பாடுதான். கோலாலம்பூரில் அடுக்குமாடிகளுக்கு நடுவே பறக்கவிட்டபோது நான் அதை 120 மீட்டருக்கு மாற்றியிருந்தேன். ஊருக்கு வந்ததும் குறைக்க மறந்துவிட்டேன். மின்கலம் தீரும் நிலையிலும் தொடர்பு அறுந்தாலும் டிரோன் நம்மைக் கேட்காமலேயே இதைச் செய்யும் என்பதையும் மறந்துவிடக்கூடாது.

என் நண்பனோடு பேசிய பிறகு சில பழக்கங்களை மாற்றிக்கொண்டேன். புறப்படும் முன் அந்த உயரத்தைச் சுற்றியுள்ள மிக உயர்ந்த மரத்தைவிடச் சற்றே அதிகமாக வைக்கிறேன். தோட்டத்தில் அது 35 மீட்டரைத் தாண்டுவதில்லை. சத்தம் கேட்டால் பொத்தானைத் தொடுவதில்லை. இடது குச்சியைக் கீழே இழுத்து, டிரோன் எங்கே இருக்கிறதோ அங்கேயே இறக்குகிறேன். சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தேடுவது அதற்குப் பிறகுதான். மரத்தில் சிக்கினாலும் சிக்கட்டும், சாக்கடையில் விழுந்தாலும் விழட்டும். தனியாகப் பறக்கவிடுவதில்லை, தம்பியோ மாமா மகனோ பக்கத்தில் நின்று வானத்தை மட்டும் பார்க்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஓர் ஐஸ்கிரீம் என்பது தம்பியின் கூலி.

செயலிகள் நம்மைக் காப்பாற்றாதா என்று கேட்கலாம். விமானங்களின் இடத்தைக் காட்டும் செயலிகள் அவ்விமானங்கள் தாமாக அனுப்பும் சமிக்ஞையை நம்பியவை. இராணுவ விமானங்கள் எப்போதும் அதை அனுப்புவதில்லை. சிறு விமானங்கள் எல்லாவற்றிலும் அக்கருவி இருப்பதில்லை. மிகத் தாழ்வாகப் பறந்தால் தரையிலுள்ள நிலையங்களுக்குச் சமிக்ஞை எட்டாமலும் போகலாம். திரையில் வானம் காலியாக இருக்கிறது என்பதால் உண்மையான வானமும் காலியாக இருக்கிறது என்று பொருளில்லை. தடைசெய்யப்பட்ட இடங்களில் டிரோனைத் தானாகவே நிறுத்தும் பூட்டை டி.ஜே.ஐ. நிறுவனம் 2025 ஜனவரியில் அமெரிக்காவில் நீக்கி, அதற்குப் பதில் எச்சரிக்கை மட்டும் காட்டத் தொடங்கியது. பொறுப்பு மெல்ல மெல்ல நம் கைக்கே வருகிறது.

அனுமதி பற்றி ஓரிரு வார்த்தைகள். தெரெண்டாக் முகாம், தங்கா பத்து எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை போன்ற இடங்களின் பக்கமே டிரோனோடு போகாதீர்கள். வேலியில் தொங்கும் சிவப்புப் பலகை வானத்துக்கும் சேர்த்துத்தான். வானிலிருந்து படம் எடுப்பதற்கு நில அளவை, வரைபடத் துறையின் தனி விதிகளும் உண்டு. விதிகள் மாறிக்கொண்டிருப்பதால் ஆணையத்தின் அண்மைய அறிவிப்பைப் படித்த பிறகே மின்கலத்தை ஏற்றுங்கள். திருவிழாக் கூட்டத்தின் தலைக்கு மேல் பறக்கவிடுவது எந்த விதியில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தவறு. காவடி தூக்கி வருபவரின் தலையில் டிரோன் விழுந்தால் என்ன பதில் சொல்வோம்?

இவ்வாண்டு தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு மீண்டும் படம்பிடித்துத் தரும்படி மாமா கேட்டார். கூட்டம் சேர்வதற்கு முன், காலை ஏழரை மணிக்கே திடலுக்குப் போய்விட்டேன். தம்பி வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். இரதத்துக்கு வாழை கட்டுவதையும், கோபுரத்தையும், பின்னால் பனிமூட்டத்தில் கிடந்த செம்பனைத் தோட்டத்தையும் 35 மீட்டரிலிருந்தே எடுத்தேன். எட்டு மணியளவில் தம்பி, "அண்ணா, சத்தம்!" என்றான். குச்சியை இழுத்தேன். டிரோன் திடலின் நடுவில் ஈரப் புல்லில் இறங்கி அரை நிமிடம் கழித்து, பத்து பெரெண்டாம் பக்கமிருந்து ஒரு வெள்ளைப் பயிற்சி விமானம் திடலை ஒட்டிச் சுற்றிக்கொண்டு போனது. உள்ளே இருந்தது என் நண்பனா வேறு யாராவதா என்று தெரியவில்லை. தம்பி மட்டும் கையசைத்தான்.

அன்று மாலை மாமா காணொளியைப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. இன்னும் கொஞ்சம் மேலே போயிருந்தா கடல் தெரிஞ்சிருக்குமே," என்றார்.